தவக்காலத்து ரத்தமும் ஈஸ்டர் ரத்தமும்

போன செவ்வாய்க்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு நான் ஓடினேன்.

நடக்கவில்லை... ஓடினேன். ஐம்பதைத் தொடப் போகிற ஒரு பெண், ஒரு கையில் குடை, மறு கையில் செருப்பு என்று கடைத்தெருவில் ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? துணிக்கடை வாசலில் நின்ற முஸ்லிம் நானா ஒருவர், யாருக்கு என்ன ஆச்சு என்று பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல மூச்சு இல்லை. பசறை பஸ் புறப்படுகிற நேரம். அதில் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ரத்தம் என்ன சொல்கிறது என்ற சேதி என்னிடம் இருக்கிறது!

சேதி நல்லதா, கெட்டதா? அதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

முதலிலிருந்து வருகிறேன்.

நான் கவலைப்படுகிறவள் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. மழை பெய்தால் மண்மேடு சரிந்து, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தின் மேல் விழுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் தேயிலைக் கொழுந்து காய்ந்து வேலைநாள் குறையுமோ என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு எதை மறந்தோம் என்று கவலை. அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பட்டம் 'கவலைக் கங்காணி'. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவார் அல்லவா? அப்படி நான் ஊர்க் கவலையையெல்லாம் நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிடுகிறேனாம்.

கூப்பிடட்டும். அண்ணன் விஷயத்தில் நான் பட்டது வீண் கவலை இல்லை.

அண்ணன் பெயர் சூசை. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் சலிக்கிற அறையில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்தது. உயிர் தப்பியது. ஆனால் இதயம் பழைய இதயம் இல்லை. சாயந்தரமானால் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். சுவரோரமாகத் தகரப் பெட்டியை வைத்து, அதன் மேல் தலையணையைப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். தூக்கமா அது? கோழி மாதிரி கண்ணை மூடி மூடித் திறப்பது.

பிறகுதான் பதுளை டவுனில் ஒரு டொக்டர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. அவர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றுக்கு எங்கள் வீட்டில் 'தண்ணி மாத்திரை' என்று பேர். உடம்பில் தேங்கி நிற்கிற தண்ணீரைச் சிறுநீராக இறக்கிவிடும். அதைச் சாப்பிடத் தொடங்கிய ஒரு வாரத்தில் அண்ணன் காலை நீட்டிப் படுத்தார். மல்லாந்து! ரோசம்மா அண்ணி, அண்ணனின் மனைவி, அந்த நாளை இன்னமும் சொல்லுவார். "அன்னிக்குத்தான் இந்த மனுசன் முதுகு பாயைப் பாத்துச்சு, லூர்து." லூர்து என்பது நான்தான்.

அந்தத் தண்ணி மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

இந்த வருஷம் தவக்காலம் பாதி போயிருந்தது. வழக்கமான சோதனைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு நானும் அண்ணியும் போனோம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த முறை ரத்தமும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

இதயத்தில்தானே வருத்தம், ரத்தத்தில் என்ன என்று கேட்டுவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரியாததைக் கேட்பதற்கு வெட்கப்படுகிற அளவுக்கு நான் படிக்கவில்லை.

டொக்டருக்குக் கேள்வி பிடித்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதயத்தை ஒரு பம்ப் எண்டு வையுங்கோ. பம்ப் களைச்சுப் போனால் சிறுநீரகத்துக்குப் போற ரத்தமும் குறையும். அது சத்தம் போடாமல் பழுதாகும். வெளியிலை எங்களுக்குத் தெரியவரேக்கை அரைவாசி போயிருக்கும். ஆனால் ரத்தம் அதுக்கு முதலே சொல்லும்."

எப்படிச் சொல்லும்? அதையும் விளக்கினார். ரத்தத்தில் யூரியா என்று ஒன்று, கிரியேட்டினின் என்று ஒன்று. உடம்பு கழிக்கிற குப்பைகள். சிறுநீரகம் இவற்றைக் கூட்டி வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற கை தளர்ந்தால் குப்பை ரத்தத்திலேயே மிஞ்சும். அதை அளக்கலாம். ஆனால் ஒரு தடவை அளந்தால் போதாது. இன்றைக்கு அளந்து வைத்து, கொஞ்ச நாள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறியிருக்கிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது — அதைப் பார்த்தால் இந்தச் சிறுநீரகம் இனி எந்த வழியில் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாமாம்.

இனி எந்த வழியில் போகும்... கேட்டீர்களா? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வரப்போவதைப் பற்றித்தானே கவலைக்காரிகள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்? இத்தனை வருஷமும் பல்லி சொல்வதையும் காக்கை கரைவதையும், பங்குச் சுவாமியார் திட்டுவார் என்று தெரிந்துமே, காதில் வாங்கிக்கொண்டு திரிந்தேன். வரப்போவதைச் சொல்கிற ஒன்று நம் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே!

அண்ணிக்கு வேறு சந்தேகம். "யூரியாவா? அது கொழுந்துக்குப் போடுற உரமாச்சுங்களே. அது எப்பிடிங்க இவரு ஒடம்புக்குள்ள போச்சு?"

அதே பொருள்தான், உடம்பே அதை உண்டாக்குகிறது என்று டொக்டர் சொன்னதும் அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "பாத்தியா, என்னைய அஞ்சாம் நம்பர் மலையில நட்டிருந்தா இந்நேரம் நல்லாத் தளுத்திருப்பேன்."

டொக்டர் சிரித்தார். பிறகு இன்னொன்று சொன்னார். பெரிய நாடுகளில் இதைவிடச் சீக்கிரமாகச் சொல்கிற வேறு பொருள்கள் ரத்தத்தில் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறார்களாம். சிறுநீரகம் களைப்பதற்கு முன்னாலேயே, களைக்கப் போகிறது என்று சொல்லிவிடுகிற காலம் வருமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது.

அன்றைக்கு எடுத்த ரத்தம் நல்லபடியாகப் பேசியது. அளவு மேல் எல்லையில் நிற்கிறது, தாண்டவில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு இன்னொரு தடவை எடுப்போம் என்றார் டொக்டர். எங்களுக்கும் அது வசதி. பண்டிகை முடிந்த திங்கட்கிழமை என்று நாள் குறித்துக்கொண்டோம்.

இனி ஈஸ்டர்.

எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலம் என்றால் விளையாட்டில்லை. வெள்ளிக்கிழமைகளில் கறி சேர்க்காமல் சுத்தபோசனம் இருந்தால் போதும் என்று சுவாமியார் சொன்னாலும் லயத்து ஆட்கள் கேட்பதில்லை. சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை கறிச்சட்டி கவிழ்ந்தே கிடக்கும். அண்ணனும் அப்படித்தான். பருப்பும் கீரையும் ரொட்டியும். அதற்கெல்லாம் சேர்த்து, ஈஸ்டர் அன்று நாலைந்து வீடு ஒன்றாகி ஓர் ஆட்டை வாங்கி வெட்டிக் கூறு போடுவார்கள். எல்லாக் கூறும் சமம். ஈரலுக்குத்தான் எப்போதும் போட்டி.

இந்த வருஷம் போட்டியே இல்லை. ஏன் தெரியுமா? மறுநாள் சூசைக்கு ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்பது லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. ரத்தம் கொடுக்கப் போகிறவருக்கு ரத்தம் ஊற வேண்டாமா? வெளுத்துப் போன ரத்தத்தைக் கொண்டுபோய் டவுனில் காட்டினால் தோட்டத்துக்குத்தானே அவமானம்? முழு ஈரலும் அண்ணி கைக்கு வந்தது. முன்னங்கால் எலும்பு சூப்புக்கு என்று ஒரு வீடு. நெஞ்செலும்பு என்று இன்னொரு வீடு. நம்ம லயத்து ரத்தம் டவுனில் போய்த் தோற்றுவிடக் கூடாது என்று கூறு போட்டவர் சொன்னாராம் — ரத்தம் என்னவோ ஸ்கூல் சோதனை எழுதப் போகிற மாதிரி.

டவுனில் குடியிருக்கிற நானும் அன்று பூசை முடிந்து அங்கே போயிருந்தேன். இதய வருத்தக்காரருக்கு உப்பு ஆகாது என்று அண்ணி அவருக்கென்று தனிச் சட்டியில், மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்டு, உப்பில்லாமல் ஈரலையும் கறியையும் வதக்கினார். அண்ணன் ருசித்துச் சாப்பிட்டார். மத்தியானமும் சாப்பிட்டார். சாயந்தரம் சூப்பும் குடித்தார். நான்கூட அன்றைக்குக் கவலைக்கு லீவு கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். புதன்கிழமை முடிவு வந்தது.

டொக்டர் பழைய அளவையும் புதிய அளவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கிரியேட்டினின் ஒன்றரை மடங்காக ஏறியிருந்தது. யூரியாவும் கூடவே ஏறியிருந்தது. சில வாரத்துக்குள் இவ்வளவு ஏற்றம் என்றால் சிறுநீரகம் வேகமாகச் சரிகிறது என்றுதான் அர்த்தம் என்றார். தண்ணி மாத்திரை அதை இன்னும் வாட்டக்கூடும். ஆகவே மாத்திரையைப் பாதியாகக் குறைக்கிறேன், பத்து நாளில் வந்து காட்டுங்கள், அப்போதும் சரியில்லை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

பாதி மாத்திரை. அதன் அர்த்தம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தகரப் பெட்டி மறுபடி சுவரோரத்துக்கு வரும்.

வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குப் போனபோது, பட்டப்பகலில் அண்ணன் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. எப்போதும் என்னைக் கண்டதும், கங்காணியம்மா, இன்னைக்கு எத்தனை கவலை பேர் கொடுத்துச்சு என்று கேட்கிறவர், ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும்தான் வாயைத் திறந்தார்.

"லூர்து, மாத்திரையக் கூட்டினா கிட்னி போகுமாம். குறைச்சா மூச்சு போகுது. எதாச்சும் ஒண்ணு போகட்டும்னு டொக்டருகிட்ட சொல்லிப்புடவா? படுத்துக்கிட்டுப் போறவனா இருந்துக்கிறேனே."

கவலையில் எத்தனையோ தினுசு பார்த்தவள் நான். இது அந்தத் தினுசு எதிலும் சேரவில்லை. இத்தனை நாளாக அண்ணனுக்கும் சேர்த்து நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் தானே கவலைப்பட ஆரம்பித்தபிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பத்து நாள் பொறுக்கவில்லை. மறுநாளே அவரை பஸ் ஏற்றி டவுனுக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

வீங்கிய காலைப் பார்த்ததும் டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். உப்புச் சேர்க்கிறீர்களா?

அண்ணிக்கு வந்ததே கோபம்! இரண்டு வருஷமாக உப்பில்லாமல் சமைத்து, அதே உப்பில்லாச் சாப்பாட்டைத் தானும் சாப்பிட்டு வருகிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது?

"உப்பா? இந்த ரெண்டு வருசமா இவருக்கு ஒரு கல்லு உப்புப் போட்டதில்லைங்க, டொக்டரய்யா. ஈஸ்டர் கறிக்கே போடலையே! ஊரே குடுத்த ஈரலும் கறியும். அதையும் சப்புன்னுதான் வதக்கிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை பூரா அதுதான். திங்கக்கிழமை ரத்தம் எடுக்க வர்ற அன்னிக்கு விடியக்காலையில மிச்சத்தை ரொட்டியோட வச்சேன், அதுலயும் உப்பில்ல. லூர்துகிட்ட வேணும்னாலும் கேளுங்க."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரத்தம் எடுத்த அண்டைக்குக் காலமையோ? ஆட்டிறைச்சியோ?"

"ஆமாங்க. ரத்தம் தெம்பா இருக்கணும்ல."

"முதல் தரம் ரத்தம் எடுக்கேக்கை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"அப்பத் தவக்காலமுங்களே. கறி ஏது? பருப்புதான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். ஈரலில் ஏதோ விஷம் இருந்திருக்கிறது போல என்று என் மனம் அதற்குள் சவப்பெட்டிக் கடை வரை போய்விட்டது. அவர் சொன்னார்.

"நான் கேட்டிருக்க வேணும். கேட்காமல் விட்டிட்டன். நாங்கள் தேடுற அந்தக் கிரியேட்டினின் சமைச்ச இறைச்சிக்குள்ளையே இருக்குது. சாப்பிட்டால் நேரே ரத்தத்துக்குப் போகும். நான் அளந்ததிலை இவரின்ரை சிறுநீரகம் எவ்வளவு, அந்த ஆடு எவ்வளவு எண்டு எனக்கு இப்ப தெரியேல்லை."

யோசித்துப் பாருங்கள். முதல் ரத்தம் தவக்காலத்து ரத்தம். வாரக்கணக்காகக் கறி வாசமே படாத ரத்தம். இரண்டாவது ஈஸ்டர் ரத்தம். லயமே கூடி ஊட்டிவிட்ட ரத்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐயோ இப்படி ஏறிவிட்டதே என்று பயந்திருக்கிறோம். மாத்திரையைப் பாதியாக்கி, மனுஷனைப் பெட்டியில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

அதற்காக எல்லாம் ஆட்டின் கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது என்றார் டொக்டர். சிறுநீரகமும் உண்மையாகவே கொஞ்சம் சரிந்திருக்கலாம். எது எவ்வளவு என்று தெரிய ஒரே வழி — கறி இல்லாமல் இருந்து மறுபடி எடுப்பது. கடைசி இரண்டு நாள் கட்டாயம் கறியோ மீனோ கூடாது. விடிய எழும்பி ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். இனிமேல் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி.

அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை எப்படியும் வீட்டில் சுத்தபோசனம், வியாழனையும் அதோடு சேர்த்துக்கொண்டால் போயிற்று. டொக்டருக்கு அது என்னவென்று தெரியவில்லை. நான் சொன்னேன். அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாராம். சமையலறைப் பக்கம் மச்சம் மாமிசம் அண்டவிடமாட்டாராம். நல்ல ஏற்பாடு, மாதா மாதம் மாறாமல் அப்படியே வாருங்கள் என்றார்.

சனிக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை முடிவு.

ரத்தம் எடுப்பதற்கு முந்தின அந்த நாலைந்து நாள் லயத்தில் எப்படி இருந்தது என்கிறீர்கள்? ஊட்டிவிட்ட அதே ஜனம் இப்போது காவல் நின்றது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால்கூட, சூசை மூக்குக்குப் போயிரும், ரத்தத்துல ஏறிரும் என்று கதவைச் சாத்திக்கொண்டு பொரித்தார்களாம். வாசம் ரத்தத்தில் ஏறாது என்று சொல்ல நான் யார்? நானே கோழிக்கறி சமைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாகத்தான் டொக்டரிடம் போனோம். முடிவு வரத் தாமதமாயிற்று. அண்ணன் திடீரென்று எழுந்து, பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயந்தரம்தான், நாங்கள் போகிறோம், நீ இருந்து கேட்டுக்கொண்டு பிறகு வந்து சொல்லு என்றார். பஸ்ஸுக்காகச் சொல்லவில்லை. கேட்கப் பயம். நெஞ்சுவலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய மனுஷன், இரண்டு எண்களைக் கேட்கப் பயந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர்கள் தெரு முனையைத் திரும்பியிருப்பார்கள். டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். இந்த முறை அவர் எண்களைப் பார்க்கவே இல்லை, முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

"இறங்கிட்டுது. தவக்காலத்திலை இருந்ததை விடக் கொஞ்சம் கூடத்தான், நான் பொய் சொல்லேல்லை. ஆனால் அது மெல்ல மெல்லப் போறது. மெல்லப் போறதுக்குப் பின்னாலை நாங்கள் நடந்து போகலாம். மாத்திரையைப் பழையபடி முழுசாக் குடுங்கோ."

முழுசாக... அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே!

நான் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பசறை பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. குடையால் பஸ்ஸின் வயிற்றில் நாலு போடு போட்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ திட்டினார். பரவாயில்லை. ஜன்னலில் அண்ணன் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், பூசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"அண்ணே! முழுசா! முழு மாத்திரை!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் மட்டும் மெதுவாகத் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப அந்தச் செருப்பைப் போடு புள்ள. ஊரே பாக்குது."

அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. நான் அதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று தோன்றியது. மழை நாளில் பறித்த கொழுந்து ஈரத்தோடு கனக்கும். வெயில் நாளில் அதே கூடை இளைத்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் போட்டு, நேற்றைக்கு இன்று குறைந்துவிட்டாயே என்று ஒருத்தியைத் திட்டினால் அது நியாயமா? மலையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இல்லை என்று. ஆனால் நாம் வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்கிறோம்? கல்யாண வீட்டில் பார்த்த மருமகளையும் காய்ச்சலில் கிடக்கிற மருமகளையும் ஒப்பிடுகிறோம். சம்பள நாளில் சிரித்த புருஷனை மாதக் கடைசியில் தேடுகிறோம். அளந்தது தப்பில்லை. தராசும் தப்பில்லை. எந்த நாளில், எந்த நிலையில் அளந்தோம் என்று கேட்க மறந்துபோகிறோம்.

ரத்தம் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அதற்குள் போனதை அது அப்படியே சொன்னது. சிறுநீரகத்தையும் சொன்னது, ஆட்டையும் சொன்னது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டியது நாம்தான். இதய வருத்தக்காரர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்போமா என்று டொக்டர் சொன்னால் என்னைப் போல் பயந்துவிடாதீர்கள். சந்தோஷமாகக் கையை நீட்டுங்கள். எடுக்கும் முன் என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று கேட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் போங்கள். ஊட்டிவிட நினைக்கிற பக்கத்து வீட்டுக்கும் முதலிலேயே சொல்லி வையுங்கள். அன்புக்கும் கிரியேட்டினின் உண்டு!

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே லயத்துக்குப் போனேன். வாசலில் ஆள் அரவம் இல்லை. அண்ணி ஆற்றுக்குப் போயிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். தகரப் பெட்டி அறையின் மூலைக்குப் போய்விட்டிருந்தது. பாயில் அண்ணன் மல்லாந்து கிடந்தார், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கால் வீக்கம் வடிந்து, நரம்பு தெரிந்தது. அசைவில்லை. குறட்டைகூட இல்லை.

எனக்கு மனசு கேட்குமா? மெல்லக் குனிந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

ஒரு கண் மட்டும் திறந்தது.

"இருக்கேன், இருக்கேன். போயி ஒரு டீ போடு, கங்காணி."

போட்டேன். இப்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்... அந்த டீயில் நான் போட்ட சீனியையும் ரத்தம் போய்ச் சொல்லிவிடுமோ?